பல்லும் சொல்லும்

'பல் போனால் சொல் போச்சு' என்னும் பழமொழியை எங்கள் அப்பா எத்தனையோ முறை வகுப்பில் எடுத்தாண்டிருக்கிறார். எழுத்துகளின் பிறப்பைப் பாடமாக நடத்தும் நாளில், மாணவர்களைச் சிரிக்க வைப்பதற்காக அவர் கைவசம் வைத்திருந்த சரக்கு அது. முன்வரிசைப் பையன் ஒருவனை எழுப்பி, மேலுதட்டால் பல்லை மூடிக்கொண்டு 'வடிவீஸ்வரம்' என்று சொல்லச் சொல்வார். பையன் வாயில் வேறென்னவோ வரும். வகுப்பே உருண்டு சிரிக்கும். அந்தப் பாடம் எழுபதைத் தாண்டிய பிறகு தமக்கே நடத்தப்படும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். நாங்களும் எண்ணவில்லை.

இதை எழுதும் நாங்கள் இருவர், அண்ணனும் தங்கையும். ஒருவர் சென்னையில் இருக்கிறோம். மற்றவர் நாகர்கோவிலில், அப்பா தனியாக வசிக்கும் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. சேர்ந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதில் எங்களுடைய பிழை ஒன்று இருக்கிறது. அதையும் சேர்ந்தேதான் செய்தோம்.

அப்பா நாஞ்சில் நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்து 2008இல் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டே, ஊர்க் கிளை நூலகத்தின் திண்ணையில் ஞாயிறு மாலைதோறும் கம்பராமாயணம் வாசிக்கத் தொடங்கினார். கட்டணம் இல்லை, மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. பன்னிரண்டு பேர் வருவார்கள். சில நாள் பதினைந்து. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர், கோயில் பூக்கட்டும் அம்மாள், தேர்வுக்குப் படிக்கும் இரண்டு மூன்று இளைஞர்கள். வாரத்துக்குப் பத்துப் பாட்டு என்ற கணக்கில் நகர்ந்து, நோய்த்தொற்றுக் காலத்து இடைவெளியையும் கடந்து, 2021இல் யுத்த காண்டத்துக்குள் நுழைந்திருந்தார்கள். விபீடணன் அடைக்கலப் படலத்தில் அது நின்றது.

அந்த ஆகஸ்டில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறிவு இல்லை. மேல்வரிசை முன்பற்களில் இரண்டு உடைந்தன. சர்க்கரை நோயால் ஈறு முன்பே தளர்ந்திருந்ததனால் அவற்றின் இருபுறமும் இருந்த இரண்டும் ஆட்டம் கண்டன. சில வாரங்களில் அவற்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. ஆக, நான்கு பற்கள். 'இடுப்பெலும்பு தப்பியதே' என்று நாங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். எழுபது கடந்தவர் விழுந்து எழுந்து நடக்கிறார் என்றால், நான்கு பல் ஒரு கணக்கா? அப்படித்தான் நினைத்தோம்.

அது முகக்கவசக் காலம். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா கவசத்தை எடுத்து மாட்டிக்கொள்வார். எச்சரிக்கையான மனிதர் என்று நாங்கள் பெருமைப்பட்டோம். ஊரில் எல்லோரும் கழற்றி எறிந்த பிறகும் அவர் கழற்றவில்லை. நூலகத்துக்கு மறுபடி அழைக்க வந்த தபால்காரரிடம் 'உடம்புக்கு ஆகவில்லை' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினார். தொலைபேசியில் 'ம்', 'ஆமா', 'அப்பம்', 'போம்' என்ற அளவில் பேச்சு முடிந்தது. அந்தச் சொற்களைப் பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: அவற்றில் ஒன்றுக்குக்கூட முன்பல் தேவையில்லை. பகரமும் மகரமும் இரண்டு உதடுகள் கூடினாலே பிறந்துவிடும். பல் முளைக்காத குழந்தைக்கும் 'அம்மா', 'அப்பா' வருவது அதனால்தான். அப்பா தம்மிடம் மிச்சமிருந்த எழுத்துகளைக் கொண்டு சிக்கனமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். நாங்களோ அவருக்கு மறதி நோய் தொடங்குகிறது என்று முடிவு கட்டினோம்.

அறிகுறிகள் எல்லாம் பொருந்தித்தான் வந்தன. பேச்சு குறைந்தது, ஆட்களைத் தவிர்த்தார், சாப்பாட்டில் விருப்பம் போனது. நேந்திரங்காய் வறுவலையும் முந்திரிக்கொத்தையும் தொடுவதில்லை. மட்டிப் பழமும் கஞ்சியும் போதும் என்றார். இணையத்தில் தேடினால் எல்லாம் ஒரே நோயைச் சுட்டின. 2022 ஏப்ரலில் அவரை ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மருத்துவர் கேள்விகள் கேட்டார். அப்பா தலையை ஆட்டினார். மருத்துவர் சற்று நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு தாளையும் பேனாவையும் தள்ளிவைத்து, 'ஐயா, இன்று காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று எழுதிக் காட்டுங்கள்' என்றார்.

அப்பா ஒரு பக்கம் எழுதினார். எழுந்த நேரம், நாளிதழில் படித்த செய்தி, பேருந்தில் பக்கத்தில் இருந்தவரின் ஊர், மருத்துவமனை வாசலில் இருந்த பெயர்ப்பலகையில் ஒற்றுப்பிழை. கையெழுத்து கரும்பலகையில் இருந்ததைப் போலவே இருந்தது. மருத்துவர் அதைப் படித்துச் சிரித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: 'இவருக்கு என்னிடம் வேலை இல்லை. பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.'

திரும்பி வரும் வழியில் நாங்கள் மூவரும் பேசவில்லை. எட்டு மாதங்கள் அந்த மனிதர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு எங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் அந்தக் கையைப் பார்த்திருக்கிறோம். அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

முதலில் செய்தது கழற்றி மாட்டும் பல் செட். நான்கு பற்களும், அவற்றைத் தாங்க அண்ணத்தின் மேல் படியும் இளஞ்சிவப்பு அக்ரிலிக் தட்டும். செலவு சில ஆயிரங்கள். இரண்டு வாரத்தில் கையில் கிடைத்தது. கண்ணாடியில் பார்த்தால் பழைய அப்பா. நாங்கள் மகிழ்ந்தோம். அவரும் மகிழ்ந்தார் என்றே நினைத்தோம். மறுநாள் காலை போனபோது பற்கள் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் கிடந்தன; அப்பா பழையபடி மௌனமாக நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு அவர் ஒரு தாளை நீட்டினார். அதில் இரண்டு பத்தி. ஒன்றில் த, ந, வ. மற்றதில் ர, ற, ழ. முதல் பத்திக்கு மேல் 'தட்டு இல்லாமல்' என்றும், இரண்டாவதற்கு மேல் 'தட்டுடன்' என்றும் எழுதி, இரண்டையும் அடித்திருந்தார்.

வாசகர்கள் இதைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதைத் துல்லியமாக வகுத்து வைத்திருக்கிறது. மேற்பல்லின் அடிப்பகுதியில் நாவின் நுனி பரந்து படிந்தால் த, ந. மேற்பல் கீழுதட்டோடு பொருந்தினால் வ. இந்த மூன்றுக்கும் முன்பல் வேண்டும். இல்லையென்றால் காற்று வழிந்தோடிவிடும். நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவினால் ர, ழ, ஒற்றினால் ற. இவற்றுக்கு அண்ணம் வேண்டும். நாக்கு தேடிப் போவது தன் சொந்த அண்ணத்தை. அங்கே ஓர் அக்ரிலிக் தட்டு கிடந்தால், இடமும் வளைவும் மாறி, நாக்கு முன்கூட்டியே முட்டிக்கொள்கிறது. பழகினால் சரியாகும் என்றார் பல் மருத்துவர். பலருக்கு ஆகவும் செய்கிறது. அப்பாவுக்கும் ஓரளவு ஆயிற்று. கடையில் சாமான் கேட்கலாம், பேருந்தில் டிக்கெட் வாங்கலாம். ஆனால் ஐம்பது ஆண்டுகளாக மாணவர் தலையில் குட்டிக் குட்டி ழகரத்தைப் புகட்டியவர், தம்முடைய ழகரம் ஒரு பிளாஸ்டிக்கில் மோதித் தடுமாறுவதைக் கேட்டுக்கொண்டு பத்துப் பேர் முன்னால் கம்பனை வாசிக்கத் தயாராக இல்லை. கழற்றினால் வகரம் போகும். மாட்டினால் ழகரம் போகும். எதை இழப்பது என்ற தேர்வுதான் அவர் முன் இருந்தது. அவர் இரண்டையும் விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அதே சமயம் வீட்டில் இன்னொருவருக்கும் முன்பல் இல்லை. தங்கையின் மகனுக்கு ஏழு வயது. மேல்வரிசையில் இரண்டு பால்பற்கள் விழுந்திருந்தன. அவன் வாயில் 'தாத்தா' என்பது வேறு ஏதோ மொழியின் சொல்லாக ஒலித்தது. எல்லோரும் சிரித்தோம். அவனும் சேர்ந்து சிரித்தான். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து ஓட்டின் மேல் எறிந்தால் புதுப்பல் முளைக்கும் என்று அப்பாதான் அவனுக்கு எழுதிக் காட்டினார். எறிந்தார்கள். அந்த மாதங்களில் அவன் ஒருவனோடு மட்டுமே அவர் தட்டில்லாமல் பேசினார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

இம்ப்ளான்ட் என்ற பேச்சு 2022 இறுதியில் வந்தது. தாடையெலும்பில் டைட்டானியத்தால் ஆன திருகை வேர் போலப் பதித்து, அதன் மேல் பல்லைக் கட்டுவது. அப்பாவுக்கு நான்கு பற்களுக்கு நான்கு திருகுகள் தேவையில்லை. இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று பதித்து, நான்கு பற்கள் கொண்ட பாலம் ஒன்றை அவற்றின் மேல் நிறுத்தலாம் என்றார் மருத்துவர். அண்ணத்தை எதுவும் மறைக்காது. செலவு ஒன்றரை லட்சத்தை ஒட்டி வரும். ஒரு வருடம் பிடிக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் வந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்றும் சொன்னார்.

இங்கேதான் எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும். அன்றிரவு தொலைபேசியில் நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் பேசினோம். இந்த வயதில் இது தேவையா, சர்க்கரை உடம்பு தாங்குமா, தாங்கினாலும் எத்தனை வருடத்துக்கு, தட்டுக்கே இன்னும் கொஞ்சம் பழகலாமே, அந்தப் பணத்தைப் பின்னால் வரக்கூடிய பெரிய வைத்தியத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்றெல்லாம் பேசினோம். ஒவ்வொரு கேள்வியும் தனித்தனியே நியாயமானது. ஆனால் சேர்த்துப் பார்த்தால், ஒரு மனிதன் இன்னும் எத்தனை வருடம் பேசப்போகிறான் என்பதை ஒன்றரை லட்சத்தால் வகுத்துக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவருக்கு அதே ஆண்டு ஒரு கடைவாய்ப் பல்லுக்கு இம்ப்ளான்ட் வைத்திருந்தது. அதைப் பற்றி இப்படியொரு தொலைபேசி உரையாடல் நிகழவில்லை. பணத்தைக் கட்டினோம், வைத்துக்கொண்டோம்.

அப்பாவிடம் மறுநாள் பேசினோம், அதாவது தயங்கித் தயங்கி வேண்டாம் என்பதற்கான காரணங்களைச் சொன்னோம். அவர் தட்டைப் போட்டுக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி, 'மக்கா, சாப்பிடதுக்கு எனக்குக் கஞ்சி போரும். நான் அதுக்குக் கேக்கல்ல' என்றார். பிறகு தம் பென்ஷன் கணக்குப் புத்தகத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். எங்களிடம் பணமே கேட்கப்படவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

2022 டிசம்பரில் அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.9 என்றிருந்தது. அதை 7.1க்குக் கொண்டுவர நான்கு மாதங்கள் காலையும் மாலையும் நடந்தார். அந்த மாதங்களில் நாங்கள் இந்தச் சிகிச்சையைப் பற்றிப் படித்தோம். வெட்கத்தினால் வந்த படிப்பு என்றும் சொல்லலாம். அதில் கண்ட ஒரு கதை இங்கே சொல்லத் தக்கது.

1952இல் ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற இளம் ஆய்வாளர் முயலின் கால் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். எலும்புக்குள் நுண்ணோக்கியால் பார்ப்பதற்காக டைட்டானியத்தில் ஒரு சிறு கூடு செய்து பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்ததும், விலையுயர்ந்த அந்தக் கூட்டை எடுத்து மறுபடி பயன்படுத்தலாம் என்று பார்த்தால், வரவில்லை. எலும்பு அதை அணைத்து வளர்ந்துவிட்டிருந்தது. வேற்றுப் பொருள் ஒன்று உள்ளே நுழைந்தால் உடல் அதைச் சுற்றி நார்த்திசு எழுப்பி ஒதுக்கிவைக்கும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. டைட்டானியத்தின் மேற்பரப்பில் தானாகப் படரும் ஆக்சைடு படலத்தோடு எலும்பு நேரடியாகவே ஒட்டிக்கொள்கிறது. தேடியது வேறு, கிடைத்தது வேறு.

1965இல் கோதன்பர்க் நகரில் அவர் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இதைச் செய்தார். யோஸ்தா லார்சன் என்பவர் அண்ணப் பிளவோடு பிறந்தவர். கீழ்த்தாடையில் பற்களே இல்லாதவர். நான்கு டைட்டானியத் திருகுகள் பதிக்கப்பட்டன. பல் மருத்துவ உலகம் இதை எளிதில் நம்பவில்லை; 1982இல் டொரொன்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் பரவலான ஏற்பு வந்தது. லார்சன் 2006இல் காலமானார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் திருகுகள் அவர் வாயிலேயே இருந்தன. பிரோனெமார்க் 2014இல் மறைந்தார்.

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னபோது அவர் வேறொரு திசையில் போனார். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் கலந்திருக்கும் இல்மனைட் என்பது டைட்டானியத்தின் கனிமம்தான் என்றார். சிறுவயதில் அந்த மணலில் வெறுங்காலோடு நடந்தவர். 'நம்ம ஊரு மண்ணுதான், சுத்திக்கிட்டு வருது' என்று எழுதினார். வாயில் வரப்போகும் திருகு எந்த நாட்டுத் தாதுவிலிருந்து வந்ததோ. ஆனால் அந்த எண்ணம் அவருக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது.

2023 மே மாதம் அறுவை நடந்தது. நாங்கள் பயந்த அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. மரத்துப்போகும் ஊசி, ஈற்றில் ஒரு கீறல், மெதுவாகச் சுழலும் துளைப்பான், இடைவிடாமல் ஊற்றப்படும் குளிர்ந்த உப்புநீர். எலும்பு 47 டிகிரி வெப்பத்தில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் உயிரணுக்கள் கெடக்கூடும் என்பதால்தான் அத்தனை நிதானமும் நீரும். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பின்பு ஈற்றைத் தைத்து மூடிவிட்டு, 'இனி எலும்பின் வேலை. நாம் குறுக்கே போகக் கூடாது' என்றார் மருத்துவர். மேல்தாடை எலும்பு கீழ்த்தாடையைவிட மென்மையானது. ஐந்து மாதங்கள் காத்திருக்கச் சொன்னார்.

அக்டோபரில் திறந்து பார்த்தபோது வலப்புறத் திருகு கல்போல் நின்றது. இடப்புறத்தது சுழன்றது. எலும்பு அதை ஏற்கவில்லை. யாருடைய தவறும் அன்று. சிலருக்கு இப்படி ஆவதுண்டு, சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஆவதுண்டு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். வலியின்றிக் கழற்றி எடுத்தார். மூன்று மாதம் எலும்பு ஆறட்டும், மறுபடி வைக்கலாம், அதற்குப் பணம் வேண்டாம் என்றார். அப்பா அந்தத் திருகைக் கேட்டு வாங்கி ஒரு தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

'அன்றே சொன்னோமே' என்ற சொற்கள் எங்கள் இருவர் நாவிலும் அன்று இருந்தன. சொல்லவில்லை. எங்களுக்கு எல்லாப் பற்களும் இருந்தும் சொல்லாமல் இருக்க முடிந்த ஒரு தருணம் அது.

வீட்டில் பேரன் அந்தத் திருகை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். ஒரு நெல்மணியைவிடச் சற்றுப் பெரியது, சாம்பல் நிறம், கனமே இல்லை. இதற்குள் அவனுக்குப் புது முன்பற்கள் முளைத்து, அந்த வாய்க்குப் பொருந்தாத பெரிதாக நின்றன. 'இதையும் ஓட்டு மேல எறியணும் தாத்தா, அப்பத்தான் முளைக்கும்' என்றான், தெளிவான தகரத்துடன். அப்பா எழுந்தார். சாணிக்கு எங்கே போவது என்று இருவரும் தெருவில் இறங்கித் தேடியதை நாங்கள் தடுக்கவில்லை. எறிந்தார்கள். ஓட்டில் அது உருண்ட ஓசை சிறிதாகக் கேட்டது.

2024 ஜனவரியில் மறுபடி வைத்தார்கள். அந்த முறை பிடித்துக்கொண்டது. ஜூலையில் பாலம் கட்டப்பட்டது. ஒரு வருடம் என்று தொடங்கியது பதினான்கு மாதங்களாக முடிந்திருந்தது.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுதினால் அது பொய். இயற்கையான பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. சோற்றில் மணல் ஒன்று இருந்தாலும் நமக்குத் தெரிவது அதன் உணர்வால்தான். இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது. எலும்போடு எலும்பாக விறைத்து நிற்கும். 'பல் இருக்கு, ஆனா அதுக்கு என்னைத் தெரியாது' என்றார் அப்பா. ஈற்றையொட்டி அழுக்குச் சேர்ந்தால் எலும்பு அரிக்கும் என்பதால் பாலத்தின் அடியில் நூல் போன்ற தூரிகையைச் செலுத்தி நாள்தோறும் துப்புரவு செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கொரு முறை போய்க் காட்ட வேண்டும். சர்க்கரையை விட்டுவிட முடியாது. நேந்திரங்காய் வறுவலை இன்றும் அவர் கடைவாயால்தான் கடிக்கிறார்.

பேச்சும் உடனே வந்துவிடவில்லை. மூன்று ஆண்டுகள் நாக்கு ஒளிந்து வாழக் கற்றிருந்தது. அதிகாலையில் கொல்லைப்புறத்தில் நின்று அவர் தமக்குத் தாமே பாடம் நடத்தினார். 'வடிவீஸ்வரம்' என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பக்கத்து வீட்டார் கேட்டு, ஐயா ஏதோ மந்திரம் ஜெபிக்கிறார் என்று எங்களிடம் விசாரித்தார்கள்.

2024 செப்டம்பரில் ஒரு ஞாயிறு மாலை நூலகத் திண்ணையில் மறுபடி விபீடணன் வந்து அடைக்கலம் கேட்டான். நாங்கள் இருவரும் போயிருந்தோம். எட்டுப் பேர் இருந்தார்கள். பூக்கட்டும் அம்மாள் இறந்துபோயிருந்தார். இளைஞர்கள் வேலை கிடைத்து வெளியூர் போயிருந்தார்கள். அப்பா வாசித்தார். வகரம் வந்தது. ழகரம் வந்தது. குரல் முன்பைவிடச் சற்றுத் தணிந்திருந்தது.

வாசிப்பு முடிந்ததும் தபால்காரர் அருகில் வந்து, அப்பாவின் வாயை ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்து, எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். அப்பா தொகையைச் சொன்னார். தபால்காரர் தலையை ஆட்டினார். பிறகு அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல்லும் இல்லை. பல வருடங்களாகவே இல்லை. அதே திண்ணையில் பதின்மூன்று ஆண்டுகள் அவரைப் பார்த்திருந்த நாங்கள், அன்றுதான் அதைக் கவனித்தோம். எங்கள் அப்பாவுக்குப் பென்ஷன் இருந்தது. நியாயமும் நியாயமின்மையும் அந்த ஒரு கணக்குப் புத்தகத்தில் முடிந்துவிடுகிறது.

முன்பெல்லாம் அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. அப்பா வாசித்த பாட்டை வந்தவர்களில் ஒருவர் திருப்பி வாசிக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் நிறுத்திவிடுவார். சரியாக வரும் வரை விடமாட்டார். தபால்காரரின் முறை வந்த நாள்களில் பாதி நேரம் திருத்தத்திலேயே போய்விடும் என்று எங்களுக்கு நினைவு. அதனாலேயே அவர் பின்வரிசையில் உட்காரத் தொடங்கியிருந்தார்.

அடுத்த ஞாயிறு அப்பா அவரைத்தான் முதலில் அழைத்தார். அவர் தயங்கி எழுந்து, புத்தகத்தைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு வாசித்தார். தகரங்கள் காற்றாகப் போயின. வகரங்கள் உதட்டில் மோதிப் பகரங்கள் ஆயின. இளைஞன் ஒருவன் குனிந்து சிரிப்பை அடக்கினான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தாளத்துக்குத் தொடையில் விரலைத் தட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. முடிந்ததும், 'அடுத்த பாட்டையும் நீங்களே வாசியுங்கோ' என்றார்.